பேட்டரியிலிருந்து மைக் வரை

போலீஸ் ஜீப் அருகில் நின்றிருந்தால் கேட்டிருப்பீர்கள். 'கர்ர்' என்று ஓர் இரைச்சல், அதன் நடுவே அவசர அவசரமாக ஒரு குரல், கடைசியில் "ஓவர்!" முன்சீட்டில் இருப்பவர் சுருள் வயரில் தொங்கும் மைக்கை எடுத்து, பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு பதில் சொல்வார். பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் மறுபடியும் கர்ர்.

தீயணைப்பு வண்டிகளிலும், ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் கார்களிலும் இதே மாதிரி செட் இருக்கும். வீட்டு ரேடியோ அலைகளை வாங்கிக்கொள்ள மட்டும் செய்யும். இது வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். அதனால் இருவழி வானொலி.

இந்தப் பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் கூரைமேல் ஆடும் ஆன்டெனாவைப் பற்றியும் காற்றில் பறக்கும் அலைகளைப் பற்றியும்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் பேசப்போவது பெட்டியின் முதுகிலிருந்து புறப்படும் இரண்டு வயர்களைப் பற்றி. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. தரைவிரிப்புக்கு அடியில் நுழைந்து, பானட்டுக்குள் போய், பேட்டரி வரைக்கும் ஓடுகின்றன. வண்டியில் வைத்த செட் மக்கர் பண்ணினால் செட்டைத் திட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு வயரையும் பாருங்கள் என்பது என் கட்சி.

முதலில் இந்தப் பெட்டி எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது என்று பார்ப்போம். ஹாம்கள் காரில் வைக்கும் 50 வாட் செட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அதற்கு அரை ஆம்பியர் போதும். மைக் பொத்தானை அழுத்திய நொடியில் 10, 12 ஆம்பியர் கேட்கும். இது எவ்வளவு பெரிய எண் தெரியுமா? உங்கள் தலைக்கு மேல் சுற்றும் 75 வாட் மின்விசிறிக்குப் போகும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படிப் பார்த்தால் 36 மின்விசிறிகளுக்குப் போகும் ஆம்பியர், உள்ளங்கை அகலமே உள்ள இந்தப் பெட்டிக்குப் போகிறது!

ஆனால் வாட் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வண்டியில் என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 வோல்ட் இருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால் 165 வாட் வருகிறது. இரண்டு மின்விசிறிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். வேலை இரண்டு மின்விசிறிக்கு, ஆம்பியர் 36 மின்விசிறிக்கு. வீட்டில் 230 வோல்ட் இருக்கிறது, வண்டியில் அதில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்குதான் இருக்கிறது என்பதுதான் காரணம். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் ஏறித்தான் ஆக வேண்டும்.

(அந்த 165 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போவது 50 வாட் மட்டும். மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். செட்டின் முதுகில் சீப்புப் பல் மாதிரி அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்பது அந்தச் சூட்டைக் காற்றில் விடத்தான்.)

ஆம்பியர் ஏறினால் வயருக்கு என்ன? இங்கேதான் ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் ஓம் வருகிறார். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சோதனைகள் செய்தவர். 1827-இல் அவர் வெளியிட்ட விதி இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு கம்பியின் வழியே மின்னோட்டம் போகும்போது, கம்பியின் மின்தடையை ஆம்பியரால் பெருக்கினால் வரும் அளவு வோல்ட் அந்தக் கம்பியிலேயே செலவாகிவிடும். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது.

செம்பு நல்ல மின்கடத்திதான். ஆனாலும் அதற்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. வயர் நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும். எலக்ட்ரீஷியன் கடையில் "ஒன்றரை ஸ்கொயர் கொடுங்க, ரெண்டரை ஸ்கொயர் கொடுங்க" என்று கேட்பார்களே, அது வயருக்குள் இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பேட்டரி முன்னால், செட் டிக்கியில். வயர் வளைந்து நெளிந்து போகும் தூரம் 5 மீட்டர். கணக்கில் எத்தனை மீட்டர் வயர் என்று போடுவீர்கள்? 5 என்று போட்டால் தப்பு. மின்னோட்டம் சிவப்பு வயரில் போய், கறுப்பு வயரில் திரும்பி வர வேண்டும். ஆக 10 மீட்டர். பெரியவர்களே இந்த இடத்தில் கோட்டைவிடுவது உண்டு.

ஸ்பீக்கருக்குப் போடும் 0.75 ஸ்கொயர் வயர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று அதையே இழுத்துவிட்டோம் என்று வையுங்கள். 10 மீட்டருக்கு அதன் மின்தடை ஏறக்குறைய 0.23 ஓம். 12 ஆம்பியரால் பெருக்குங்கள். 2.8 வோல்ட்! பேட்டரியில் புறப்பட்ட 13.8 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கை வயரே விழுங்கிவிட்டது. செட்டுக்குக் கிடைப்பது 11 வோல்ட். பல செட்டுகளின் கையேட்டில் 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குப்படி 11.7-க்குக் கீழே போகக் கூடாது. என்ஜினை நிறுத்திவிட்டால் பேட்டரியில் இருப்பதே 12.6 வோல்ட்தான். அதில் 2.8 போனால் 9.8. செட் திணறிப்போகும்.

அதே இடத்தில் 2.5 ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு 0.8 வோல்ட். 4 ஸ்கொயர் போட்டால் அரை வோல்ட். 6 ஸ்கொயர் போட்டால் 0.35 வோல்ட். இந்தக் காருக்கு 4 ஸ்கொயர் சரி. கையில் காசிருந்தால் 6 போடலாம், அதற்கு மேல் போவது வீண் செலவு.

வீட்டில் 230 வோல்ட்டில் 2.8 போனால் மின்விசிறிக்குத் தெரியக்கூடத் தெரியாது. வண்டியில்தான் ஒவ்வொரு அரை வோல்ட்டும் உயிர். விழுங்கப்பட்ட மின்சாரம் எங்கே போகிறது? வயரைச் சூடாக்குகிறது. 2.8 வோல்ட்டை 12 ஆம்பியரால் பெருக்கினால் 33 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் மேசையில் இருக்கும் சின்ன சால்டரிங் இரும்பு 25 வாட்தான். அதைவிடக் கூடுதலான சூடு தரைவிரிப்புக்கு அடியில் பரவிக் கிடக்கிறது.

வயர் மெலிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது துப்பறியும் கதை மாதிரி சுவாரசியமானது. கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். பொத்தானை அழுத்தியதும் செட்டின் முகப்பு விளக்கு மங்கும். எதிர்முனையில் இருப்பவர், "உங்க குரல் உடைஞ்சு உடைஞ்சு வருது" என்பார். இன்னும் மோசமானால் அழுத்தியதும் செட் அணைந்துவிடும். அணைந்ததும் ஆம்பியர் போவது நிற்கும், வோல்ட் பழையபடி ஏறும், செட் தானே உயிர் பெறும். மறுபடி அழுத்தினால் மறுபடி அணையும்.

விவரம் தெரிந்தவர் இப்போது மல்டிமீட்டரை எடுப்பார். என்ஜின் நின்றிருக்கிறது. செட்டின் பின்பக்கம் வைத்து அளந்தால் கேட்கும்போது 12.6, பொத்தானை அழுத்தினால் 9 சொச்சம். "பேட்டரி போச்சு" என்று யாராவது சொல்வார்கள். அவர் பேசாமல் முன்னால் போய் பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைத்து, இன்னொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்வார். அங்கே 12.6, கொஞ்சம் இறங்கி 12.4-இல் நிற்கிறது. பேட்டரி நல்ல பிள்ளை. காணாமல் போன வோல்ட் முழுவதும் நடுவே, வயரிலோ ஃபியூஸ் பிடிப்பானிலோ சரியாக இறுக்காத இணைப்பிலோ இருக்கிறது. அளந்துகொண்டே வந்தால் ஆள் அகப்படுவான்.

சிகரெட் லைட்டர் சாக்கெட் என்று டேஷ்போர்டில் ஒன்று இருக்கிறதே, போன் சார்ஜர் செருகுவோமே, அதில் செருகிவிட்டால் வேலை முடிந்ததே என்று கேட்பீர்கள். கையில் பிடிக்கும் 5 வாட் வாக்கி டாக்கிக்குச் சரி. 50 வாட் செட்டுக்கு ஆகாது. அந்த சாக்கெட்டுக்கு வரும் வயர் மெல்லியது. உள்ளே ஒரு ஸ்பிரிங் போய் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இணைப்பு. குழியில் வண்டி இறங்கினால் அது நகரும்.

வயர் வாங்கும்போது ஒரு விஷயம். வெளியே பார்க்க விரல் தடிமனாக இருக்கும், விலையும் மலிவாக இருக்கும் சில வயர்களில் உள்ளே இருப்பது முழுச் செம்பு அல்ல. அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம். கத்தி முனையால் ஓர் இழையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். போதாக்குறைக்கு, சில வயர்களில் தடிமனில் பாதி பிளாஸ்டிக் உறைதான். உறையின் தடிமனைப் பார்த்து வயர் வாங்குவது ஏமாளித்தனம்.

நல்ல 4 ஸ்கொயர் வயர் ஒன்றின் நுனியைச் சீவிப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள 56 இழைகள் சேர்ந்து முறுக்கியிருக்கும். ஒரே தடித்த கம்பியாக ஏன் இல்லை? வண்டி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒற்றைக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் பட்டென்று ஒடிந்துவிடும். மெல்லிய இழைகள் வளைந்து கொடுக்கும். இதனால்தான் பேட்டரிப் பக்கம் போகும் நுனியில் லக் என்னும் செம்பு முனை ஒன்றைச் செருகி, அதற்கென்றே உள்ள இடுக்கியால் நசுக்கி இறுக்குவார்கள். அங்கே ஈயத்தை உருக்கி நிறையப் பாய்ச்சினால், இழைகளெல்லாம் ஒட்டி மறுபடி ஒற்றைக் கம்பி ஆகிவிடும். ஈயம் முடியும் இடத்தில் ஒடியும்.

இனி ஃபியூஸ். கீழே இரண்டு சின்னத் தகடு நீட்டிக்கொண்டு, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குக்குள் வளைந்த மெல்லிய பட்டை தெரியுமே, அதுதான் வண்டி ஃபியூஸ். நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம். 10 ஆம்பியருக்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள், 30-க்குப் பச்சை. பட்டை பெரும்பாலும் துத்தநாகத்தால் ஆனது. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அளவுக்கு மீறி மின்னோட்டம் வந்தால் வயருக்கு ஆபத்து வருமுன்னே பட்டை அறுந்து வழியை அடைத்துவிடும்.

ஃபியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது? "செட்டை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். உண்மையில் அது காப்பாற்றுவது வயரை, வயர் வழியாக வண்டியை, வண்டி வழியாக உங்களை. இது புரிந்தால் அதை எங்கே வைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். ஏரிக்கு மதகு எங்கே இருக்கிறது? கரையில். தண்ணீர் பாயும் வயலில் கொண்டுபோய் மதகை வைத்தால், நடுவே வாய்க்கால் உடைந்தால் ஏரித் தண்ணீர் முழுவதும் ஊருக்குள் போகும், மதகை மூடி ஒரு பயனும் இல்லை. பேட்டரிதான் ஏரி. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். செட்டுக்குப் பின்னால் ஒரு ஃபியூஸ் கூடவே வரும், அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதை மட்டும் நம்பினால் நடுவில் உள்ள 5 மீட்டர் வயருக்குக் காவல் இல்லை.

நடுவே வயருக்கு என்ன நேரும் என்கிறீர்களா? என்ஜின் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஓர் இரும்புத் தகட்டுச் சுவர் இருக்கிறது. அதில் துளை போட்டுத்தான் வயர் உள்ளே வர வேண்டும். துளையின் விளிம்பு பிளேடு மாதிரி கூர்மை. அந்த விளிம்பில் வயர் உரசிக்கொண்டே இருந்தால், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து உறை அறுந்து செம்பு தகட்டைத் தொடும். காரின் உடம்பு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்தது. சிவப்பு வயர் அதைத் தொட்டால் நேரே ஷார்ட் சர்க்யூட். என்ஜினைச் சுழற்றும் அளவு பலமுள்ள பேட்டரி, அந்த வயரில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சும். ஃபியூஸ் இருந்தால் 'டப்'. இல்லாவிட்டால் வயர் பழுக்கும், உறை எரியும், தரைவிரிப்பு பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் துளையில் ரப்பர் புஷ் ஒன்றைப் பொருத்தி அதன் வழியே வயரை விடுவார்கள். வயருக்கு மேலே மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயும் போடுவார்கள். புகைபோக்கிக் குழாய் பக்கம் போகக் கூடாது. சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தில் மாட்டக் கூடாது. மஞ்சள் உறை போட்ட வயர்க் கொத்து கண்ணில் பட்டால் அதன் கிட்டேயே போகக் கூடாது, அது காற்றுப் பைகளுக்கு உரியது.

கறுப்பு வயர் கதை கொஞ்சம் சிக்கல். "உடம்பு முழுவதும் நெகட்டிவ்தானே, எந்தத் திருகாணியில் மாட்டினால் என்ன?" என்று தோன்றும். பெயின்டும் துருவும் உள்ள திருகாணியில் மாட்டினால் வோல்ட் அங்கேயே போய்விடும். முன்பெல்லாம் கறுப்பையும் நேரே பேட்டரி முனையில் கொண்டுபோய் மாட்டி, அதிலும் ஒரு ஃபியூஸ் போடுவார்கள். கறுப்பில் எதற்கு ஃபியூஸ்? என்ஜினைச் சுழற்றும் மோட்டார் இருக்கிறதே, 'செல்ஃப்' எடுக்கிறோமே, அது 100, 150 ஆம்பியர் இழுக்கும். அந்த மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப ஒரு தடித்த எர்த் பட்டை உண்டு. அது துருப்பிடித்து அறுந்துவிட்டால், திரும்பும் வழி தேடி நம் செட்டின் ஆன்டெனா கேபிள் வழியாக ஏறி, கறுப்பு வயர் வழியாகப் பேட்டரிக்கு ஓடும். வயரும் செட்டும் கருகிவிடும். கறுப்பு வயரில் உள்ள ஃபியூஸ் அந்தத் திருட்டு வழியை அடைக்கிறது.

இப்போதைய பல கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். எத்தனை ஆம்பியர் வெளியே போனது, எத்தனை உள்ளே வந்தது என்று வண்டியின் கணினிக்குக் கணக்கு சொல்வது அதன் வேலை. நம் கறுப்பு வயரை அந்தப் பெட்டியைத் தாண்டி நேரே முனையில் மாட்டினால் நாம் எடுக்கும் மின்சாரம் கணக்கில் வராது. கணினி குழம்பும். இந்த வண்டிகளில், பேட்டரியின் எர்த் கேபிள் உடம்போடு திருகப்பட்டிருக்கும் இடத்தில் கறுப்பை மாட்டுவதுதான் முறை. அப்படி மாட்டினால் கறுப்பில் ஃபியூஸ் தேவையில்லை. வண்டிக் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதைக் கேட்க வேண்டியதுதான்.

லாரி, பஸ் என்றால் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். "நடுவிலிருந்து எடுத்தால் 12 கிடைக்குமே" என்று புத்திசாலித்தனமாக யோசிப்பவர்கள் உண்டு. கிடைக்கும். ஒரு பேட்டரி மட்டும் வடிந்துகொண்டே போய் சீக்கிரம் சாகும். 24-ஐ 12 ஆக்கும் மாற்றி வைப்பதே சரி.

எல்லாம் சரியாகச் செய்தும் செட்டில் ஒரு விசில் கேட்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விசிலின் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். இதைப் பாடுவது ஆல்டர்னேட்டர், அதாவது ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் இயந்திரம். கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது. பெல்ட் போட்டிருப்பதால் ஆல்டர்னேட்டர் அதைப்போல் மூன்று மடங்கு சுற்றுகிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு 6,000, நொடிக்கு 100. அதில் 12 காந்த முனைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 அலை, நொடிக்கு 600. மூன்று கட்டமாக வரும் இந்த மாறுதிசை மின்சாரத்தை ஆறு டயோடுகள் ஒரே திசையில் திருப்பிவிடும்போது, ஓர் அலைக்கு 6 மேடு விழுகிறது. ஆக, நொடிக்கு 3,600 மேடுகள். காதுக்கு நன்றாகக் கேட்கக்கூடிய கீச்சுக் குரல். வேகம் பாதியானால் 1,800. சுருதி இறங்குகிறது!

சிவப்பையும் கறுப்பையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை குறையும். மின்னோட்டம் போகும் வயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு என்று 1820-இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் கண்டார் அல்லவா? போகும் வயரும் வரும் வயரும் பின்னிக் கிடந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதன் புலத்தை அழித்துவிடும். வெளியிலிருந்து வரும் இரைச்சலும் இரண்டிலும் சமமாக ஏறிக் கழிந்துவிடும். பெரும்பாலான நேரம் இது ஒன்றே போதும்.

விசில் அல்லாமல் 'டிக் டிக் டிக்' என்று கேட்டால் அது பெட்ரோல் என்ஜினின் ஸ்பார்க் பிளக். 1887-இல் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டியதே தீப்பொறியை வைத்துத்தான். ஆக, ஒவ்வொரு பிளக்கும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். பழைய ரேடியோ இருந்தால் மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். அடுப்பு இல்லாத அறையில், ரேடியோவின் பக்கத்தில் கேஸ் லைட்டரைச் சொடுக்குங்கள். ஒவ்வொரு சொடுக்குக்கும் ரேடியோ 'பட்' என்னும். இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் பிளக்குக்குள்ளேயே மின்தடை ஒன்றை வைக்கிறார்கள். அப்படிப்பட்ட பிளக்குகள் பலவற்றின் எண்ணோடு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருக்கும்.

காருக்குள் ரேடியோ வைத்த முதல் ஆட்களை இந்தப் பொறிச் சத்தம் படாத பாடு படுத்தியது. சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின் 1930-இல் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோ ஒன்றைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்கு வெளியே நிறுத்தி, சத்தமாகப் பாடவிட்டார். மோட்டரோலா என்ற பெயர் அந்த ரேடியோவோடு பிறந்ததுதான். அதில் வேலை செய்த எல்மர் வேவரிங், பிற்காலத்தில் வண்டிகளுக்கான ஆல்டர்னேட்டர் உருவாகவும் முன்நின்றார். நம் விசிலுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு!

போலீஸ் வண்டிகள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1928-இல் ரோந்து கார்களில் ரேடியோ வந்தது. ஆனால் கேட்க மட்டும்தான் முடியும். பதில் சொல்ல வண்டியை நிறுத்தித் தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும். 1933-இல் நியூ ஜெர்சியின் பேயோன் நகரில்தான் போலீஸ் காரிலிருந்தே திரும்பப் பேசும் செட் வந்தது. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் பேட்டரி வெறும் 6 வோல்ட்! நம் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பு. அதே வயரில் வோல்ட் இழப்பும் இரட்டிப்பு, வீணாகும் வெப்பம் நான்கு மடங்கு. 1950-களின் நடுவில் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறியபோது ரேடியோக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

நேரே பேட்டரியில் மாட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. சாவியை எடுத்தாலும் செட் அணையாது. கேட்கும்போது அரை ஆம்பியர்தானே என்று விட்டுவிட்டு ஊருக்குப் போனால், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி வடியும். சின்னக் காரின் பேட்டரி 35, 45 ஆம்பியர்-மணிதான். மூன்று நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் 'டொக்' என்ற சத்தம் மட்டும் வரும். சாவியோடு சேர்ந்து அணையும்படி ரிலே என்னும் சுவிட்ச் ஒன்றை வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

இனி உங்களுக்கு. கார் பேட்டரியில் நீங்கள் கை வைக்க வேண்டாம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஸ்பானரோ மோதிரமோ இரண்டு முனைக்கும் நடுவே பட்டால், நொடியில் பழுத்துச் சதையைச் சுட்டுவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயுவும் வரும், ஒரு பொறி போதும் வெடிக்க. பெரியவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ் என்ற வரிசையில் செய்கிறார்களா? பாசிட்டிவை முதலில் கழற்றினால், திருகும் ஸ்பானர் தவறி வண்டி உடம்பில் பட்டதும் ஷார்ட் ஆகும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பானர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது.

நீங்கள் செய்ய வேறு சோதனை இருக்கிறது. இரண்டு டார்ச் செல், குண்டு பல்பு ஒன்று (எல்இடி வேண்டாம்), கொஞ்சம் வயர், இரண்டு பக்கமும் சீவிய பென்சில் ஒன்று. செல்லுக்கும் பல்புக்கும் நடுவே பென்சிலின் கரிக்குச்சியைச் சேர்த்து எரியவிடுங்கள். மங்கலாக எரியும், இல்லை எரியவே எரியாது. அதே பென்சிலை ஒடித்து, சீவி, இரண்டு சென்டிமீட்டர் துண்டாக்கிச் சேர்த்துப் பாருங்கள். நீளம் குறையக் குறைய பல்பு பிரகாசமாகும். தடித்த கரி உள்ள தச்சர் பென்சில் கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள். ஓம் விதி உங்கள் மேசைமேல் கிடக்கும்.

செட் வைத்துப் பேச ஆசை வந்துவிட்டதா? உரிமம் இல்லாமல் இந்தியாவில் ஹாம் வானொலியில் ஒலிபரப்பக் கூடாது. உரிமத்துக்கு மத்திய அரசின் தகவல்தொடர்பு அமைச்சகம் தேர்வு நடத்துகிறது. 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தேறினால் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறி உங்களுக்கே உங்களுக்கென்று கிடைக்கும். அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் ஓம் விதியும் இருக்கிறது.